பென் டிரைவைச் செருகியதும் கணினி ஏன் எச்சரிக்கிறது?

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை என மலையகத்து நகரம் எதுவானாலும், பஸ் நிலையத்தை அண்டியுள்ள கொமியூனிகேஷன் கடைகளில் நாள் முழுவதும் பென் டிரைவ்கள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. பாடசாலை ஒப்படை, தவணைப் பரீட்சை வினாத்தாள், வேலைக்கான விண்ணப்பம், தேர்த் திருவிழா அழைப்பிதழ் என்று தோட்டத்து வீடுகளில் தட்டச்சு செய்யப்படுபவை பலவும் பென் டிரைவில் ஏறி, பஸ்ஸில் நகரத்துக்கு வந்துதான் அச்சாகின்றன. கடைக்காரர் அதைக் கணினியில் செருகியதும் திரையின் வலது மூலையில் ஒரு சிறிய அறிவிப்பு எழுகிறது. இந்த டிரைவில் ஒரு பிரச்சினை இருக்கிறது, இப்போதே ஸ்கேன் செய்து சரிசெய்யுங்கள் என்பது அதன் சாரம்.

அதைக் கண்டவர்கள் பொதுவாக இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். சிலர் அறிவிப்பை மூடிவிட்டுத் தம் வேலையைத் தொடர்கிறார்கள். மாதக்கணக்கில் ஒவ்வொரு முறையும் அப்படியே மூடுகிறார்கள். வேறு சிலர் வைரஸ் புகுந்துவிட்டது என்று அஞ்சி, டிரைவை உடனே ஃபார்மட் செய்துவிடுகிறார்கள். முன்னவர் உண்மையான சிதைவு ஒன்று தொடங்கும்போதும் அதைக் கவனிக்கத் தவறுகிறார். பின்னவர் நல்ல நிலையில் இருந்த கோப்புகளைத் தம் கையாலேயே அழிக்கிறார். பெரும்பாலான வேளைகளில் கணினி அந்தக் கணத்தில் டிரைவை முழுவதுமாகப் பரிசோதித்துப் பிழை எதையும் கண்டுபிடித்திருப்பதில்லை. கடைசியாக அந்த டிரைவில் எழுதிய கருவி அதை ஒழுங்காக மூடாமல் விட்டிருக்கிறது என்பதற்கான ஓர் அடையாளத்தை மட்டுமே அது கண்டிருக்கிறது. பழைய விண்டோஸ் 7 இதே எச்சரிக்கையைக் காட்டும்போது, கோப்புகள் முழுவதும் எழுதப்படும் முன் சாதனத்தைக் கழற்றினால் இப்படி நேரலாம் என்று காரணத்தையும் சேர்த்தே கூறியது. பின்னர் வந்த பதிப்புகளில் அறிவிப்பு ஒரே வரியாகச் சுருங்கியதால், படிப்பவருக்கு அச்சம் மட்டும் எஞ்சிவிட்டது என்பது என் எண்ணம்.

கோப்பு ஒன்று சேமிக்கப்படும்போது நடப்பவை

இந்த அடையாளம் ஏன் தேவைப்படுகிறது என்பதை விளங்கிக்கொள்ள, கோப்புகள் டிரைவுக்குள் எவ்வாறு வைக்கப்படுகின்றன என்பதைப் பார்க்க வேண்டும். சேமிப்பிடம் முழுவதும் கிளஸ்டர் எனப்படும் சம அளவான பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுக்கப்பட்டிருக்கும். கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் முறைகளுள் ஒன்றான ஃபாட்32 முறையில், விண்டோஸில் ஃபார்மட் செய்த 32 ஜிபி டிரைவில் ஒரு கிளஸ்டரின் அளவு வழக்கமாக 16 கிலோபைட் ஆகும். 50 கிலோபைட் அளவுள்ள விண்ணப்பக் கடிதம் ஒன்றை அதில் சேமித்தால் நான்கு கிளஸ்டர்கள் தேவைப்படும். அவை அடுத்தடுத்து இருக்க வேண்டிய கட்டாயமில்லை. கடிதத்தின் முதல் மூன்று துண்டுகள் 812, 813, 814 ஆகியவற்றில் இருக்க, அடுத்த இடத்தை வேறொரு கோப்பு பிடித்திருப்பதால் நான்காவது துண்டு 960இல் போய் இருக்கலாம்.

இந்தத் துண்டுகளைக் கோத்துக் காட்டுவதற்கு டிரைவின் தொடக்கப் பகுதியில் ஓர் அட்டவணை வைக்கப்பட்டிருக்கிறது. அதில் 812க்கு நேரே 813 என்றும், 813க்கு நேரே 814 என்றும், 814க்கு நேரே 960 என்றும், 960க்கு நேரே கோப்பு இங்கே முடிகிறது என்ற குறியும் எழுதப்பட்டிருக்கும். ஒன்று கெட்டால் மற்றொன்று உதவட்டும் என்பதற்காக இந்த அட்டவணை வழக்கமாக இரண்டு பிரதிகளாக வைக்கப்படுகிறது. இவற்றுக்கு அப்பால், கோப்புறையில் ஒவ்வொரு கோப்புக்கும் 32 பைட் நீளமான ஒரு பதிவு உண்டு. கோப்பின் பெயர், அது தொடங்கும் கிளஸ்டரின் எண், அதன் மொத்த அளவு, திகதிகள் ஆகியன அதில் இருக்கும். கோப்பின் பெயர் நீளமானதாகவோ தமிழில் எழுதப்பட்டதாகவோ இருந்தால், அந்தப் பெயருக்காக மேலதிகப் பதிவுகளும் சேரும்.

ஆகவே ‘சேவ்’ என்று நாம் ஒருமுறை அழுத்தும் செயல், டிரைவைப் பொறுத்தவரை ஒரே செயலாக நடப்பதில்லை. தரவை ஓரிடத்தில் எழுத வேண்டும். அட்டவணையின் இரு பிரதிகளையும் திருத்த வேண்டும். கோப்புறையில் பெயரையும் அளவையும் பதிய வேண்டும். வேர்ட் போன்ற மென்பொருளில் இன்னும் சில படிகள் உண்டு. அது முதலில் தற்காலிகக் கோப்பு ஒன்றை உருவாக்கி, புதிய உள்ளடக்கத்தை அதில் எழுதி, பழையதை அகற்றிவிட்டு, தற்காலிகக் கோப்புக்குப் பழைய பெயரைச் சூட்டுகிறது. பென் டிரைவில் உள்ள ஆவணத்தை நேரடியாகத் திறந்து திருத்திக்கொண்டிருக்கையில் டிரைவைப் பிடுங்குவது ஏன் மிக மோசமான தருணத்தில் பிடுங்குவதாகிறது என்பது இதிலிருந்து புலப்படும்.

மலையில் கொழுந்து நிறுக்கும் நேரத்தை இதற்கு ஒப்பிடலாம். கூடையிலிருந்து கொட்டிய கொழுந்து சாக்கில் ஏறி லொறிக்குப் போகிறது. அதன் நிறை பதிவேட்டில் பறித்தவரின் பெயருக்கு நேரே எழுதப்படுகிறது. இரண்டும் ஒரே கணத்தில் நடப்பதில்லை. இடையில் மழை கொட்டி எல்லோரும் கலைந்துவிட்டால், சாக்கில் கொழுந்து இருந்தும் பதிவேட்டில் நிறை எழுதப்படாத பெயர்கள் இருக்கலாம். நிறை எழுதப்பட்டும் சாக்கில் ஏறாத கொழுந்தும் இருக்கலாம். வழக்கமாக நாள் முடிவில் கூட்டிப் பார்த்துக் கையொப்பமிட்டே பக்கத்தை மூடுவார்கள். கையொப்பம் இல்லாத பக்கத்தை மறுநாள் திறப்பவர் அதில் பிழை இருக்கிறது என்று அடித்துச் சொல்ல முடியாது. சரிபார்க்காமல் அதை நம்பிச் சம்பளம் போடவும் முடியாது. கணினியும் அதே நிலையில் நின்றுதான் நம்மை எச்சரிக்கிறது.

டர்ட்டி பிட் என்ற அடையாளம்

விண்டோஸ் போன்ற பணிசெயல் முறைமை ஒரு டிரைவில் மாற்றம் செய்யத் தொடங்கும்போது, இங்கே வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று டிரைவிலேயே ஒரு குறிப்பை எழுதி வைக்கிறது. எழுத வேண்டியவை எல்லாம் எழுதப்பட்டு டிரைவ் ஒழுங்காக மூடப்படும்போது அந்தக் குறிப்பு மாற்றப்படுகிறது. ஒரேயொரு பிட், அதாவது பூச்சியம் அல்லது ஒன்று என்ற ஒரேயொரு இலக்கம், இந்த வேலைக்குப் போதுமானது. கணினித் துறையினர் இதை டர்ட்டி பிட் என்று அழைக்கிறார்கள். டிரைவைச் செருகியதும் விண்டோஸ் முதலில் பார்ப்பவற்றுள் இதுவும் ஒன்று. வேலை முடியவில்லை என்ற நிலையிலேயே அந்தப் பிட் இருந்தால் எச்சரிக்கை எழுகிறது.

ஃபாட்32 முறையில் கோப்பு அட்டவணையின் முதல் இரண்டு கட்டங்களும் எந்தக் கோப்புக்கும் உரியவை அல்ல. இரண்டாவது கட்டத்தின் மேற்பகுதியில் உள்ள இரண்டு பிட்டுகள் டிரைவின் நலத்தைச் சொல்கின்றன. டிரைவ் சரியாக மூடப்பட்டதா என்பதை ஒன்று காட்டுகிறது. கடந்த முறை படிக்கும்போதோ எழுதும்போதோ வன்பொருள் பிழை ஏற்பட்டதா என்பதை மற்றொன்று காட்டுகிறது. பெரிய டிரைவ்களில் பரவலாகக் காணப்படும் எக்ஸ்ஃபாட் முறையிலும் இவ்வாறே, மூடப்படாத நிலைக்கு ஒன்றும் சாதனப் பழுதுக்கு ஒன்றுமாக இரண்டு அடையாளங்கள் உண்டு. ஆக, கணினியின் எச்சரிக்கைக்குப் பின்னால் பாதியில் நின்ற வேலையும் இருக்கலாம், உண்மையான வன்பொருள் பழுதும் இருக்கலாம். நாம் காணும் எச்சரிக்கைகளில் மிகப் பெரும்பாலானவை முதல் வகையைச் சேர்ந்தவை.

ஃபாட் முறையின் தொடக்கம் 1977இல் மைக்ரோசொப்ட் நிறுவனத்தில் நெகிழ் வட்டுகளுக்காக நடந்தது. அதன் வழித்தோன்றலான ஃபாட்32 1996இலும், எக்ஸ்ஃபாட் 2006இலும் வந்தன. பென் டிரைவ்களே 2000ஆம் ஆண்டளவில்தான் விற்பனைக்கு வந்தன. அப்போது ஐபிஎம் நிறுவனம் விற்ற டிரைவின் கொள்ளளவு வெறும் 8 மெகாபைட். நெகிழ் வட்டுக்கென எழுந்த ஒழுங்குமுறை இன்றும் பென் டிரைவில் நிலைத்திருப்பதற்குக் காரணம், வீட்டுத் தொலைக்காட்சி, வாகன ரேடியோ, போட்டோக்கொப்பி இயந்திரம், விண்டோஸ், லினக்ஸ், மெக் என்று எல்லாவற்றுக்கும் அது புரிகிறது என்பதே. அதற்குக் கொடுக்கும் விலை ஒன்று உண்டு. கணினியின் உள்ளிருக்கும் வன்தட்டில் பயன்படும் என்டிஎஃப்எஸ் முறை, செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே ஒரு பதிவில் எழுதிக்கொள்வதால், மின்சாரம் திடீரென நின்றாலும் அந்தப் பதிவைப் படித்துத் தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்ளும். ஃபாட் வகைகளில் அத்தகைய முன்பதிவு கிடையாது. எந்தப் படியில் வேலை நின்றது என்று அவற்றால் சொல்ல முடியாது. வேலை முடியவில்லை என்பதை மட்டுமே சொல்ல முடியும்.

பலரைக் குழப்பும் ஒரு விடயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். ‘நான் ஒவ்வொரு முறையும் சேஃப்லி ரிமூவ் கொடுத்துத்தான் கழற்றுகிறேன், ஆனாலும் எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கிறது’ என்று ஆசிரியர்கள் முறையிடுவதைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கும். செருகும்போதே அடையாளம் விழுந்திருந்த டிரைவை இன்றைக்கு எவ்வளவு ஒழுங்காகக் கழற்றினாலும், கணினி அந்தப் பழைய அடையாளத்தை நீக்குவதில்லை. என்றோ நடந்த குழப்பம் இன்னும் சரிபார்க்கப்படாமல் இருக்கும்போது, இன்றைய ஒழுங்கை வைத்து அதற்கு நற்சான்று வழங்குவது முறையாகாது. லினக்ஸும் இதே ஒழுங்கைத்தான் பின்பற்றுகிறது. சரிபார்க்கும் நிரலை ஒருமுறை ஓட்டினால்தான் அந்த அடையாளம் போகும்.

எங்கெல்லாம் இது நேர்கிறது

கையால் சட்டென்று பிடுங்குவதுதான் முதற்காரணம். அச்சு முடிந்துவிட்டது, பஸ் புறப்படப் போகிறது, டிரைவ் கடைக்காரரின் கணினியில் நிற்கிறது. இந்த அவசரத்தில் யாரும் டிரைவை ஒழுங்காகக் கழற்றுவதற்கான இஜெக்ட் பொத்தானைத் தேடுவதில்லை. ‘அச்செடுக்கத்தானே கொடுத்தேன், எதையும் எழுதவில்லையே’ என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது. வெறுமனே பார்வையிடும்போதும் கணினி எழுதக்கூடும். புதிய டிரைவைக் கண்டதும் விண்டோஸ் அதில் மறைவான கோப்புறை ஒன்றை உருவாக்குகிறது. மெக் கணினிகளும் தேடலுக்கான மறைவான கோப்புகளை எழுதுகின்றன. வேர்டில் ஓர் ஆவணத்தைத் திறந்தாலே அதன் அருகில் தற்காலிகக் கோப்பு ஒன்று பிறக்கிறது.

பழைய யூ.எஸ்.பி. 2 வகை பென் டிரைவின் செருகியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், தங்க நிறமான நான்கு பட்டைகள் தெரியும். ஓரங்களில் உள்ள இரண்டும் நடுவில் உள்ள இரண்டையும் விடச் சற்று நீளமானவை. ஓரப்பட்டைகள் 5 வோல்ட் மின்சாரத்துக்கும், நடுப்பட்டைகள் தரவுக்கும் உரியவை. செருகும்போது மின்சாரம் முதலில் தொட்டுத் தரவு பின்னர் தொடவும், கழற்றும்போது தரவு முதலில் விலகி மின்சாரம் பின்னர் விலகவும் வேண்டும் என்றே இப்படி அமைத்திருக்கிறார்கள். மின்சுற்றைக் காப்பதற்கான ஏற்பாடு இது. டிரைவுக்குப் போய்ச் சேராமல் கணினியின் நினைவகத்தில் இன்னும் காத்திருக்கும் தரவை எழுதி முடிக்க அந்த இமைப்பொழுது எந்த வகையிலும் போதாது.

மின்வெட்டு இரண்டாவது காரணம். 2022 மார்ச் மாத இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றதை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்த நிலை இன்று இல்லாவிட்டாலும், ஏப்ரல் மாதத்திலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழையோடு மின்சாரம் போய்வருவது மலைநாட்டில் புதிதன்று. யூ.பி.எஸ். இல்லாத மேசைக் கணினியில் டிரைவ் செருகியிருக்கும்போது மின்சாரம் போனால், அது டிரைவைப் பிடுங்கியதற்குச் சமமாகும். இடி முழங்கத் தொடங்கியதும் செய்யும் வேலையைச் சேமித்து, டிரைவை ஒழுங்காகக் கழற்றி வைப்பது நல்லது.

மூன்றாவது, கணினியே அல்லாத கருவிகள். பாட்டும் திருமண வீடியோவும் உள்ள டிரைவைத் தொலைக்காட்சியில் செருகி, பார்த்து முடிந்ததும் ரிமோட்டால் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு டிரைவை இழுத்தெடுப்பதுதான் வீட்டு வழக்கம். எங்கே நிறுத்தினோம் என்பதைக் குறித்து வைப்பது, நிகழ்ச்சிகளைப் பதிவு செய்வது போன்ற தேவைகளுக்காகச் சில தொலைக்காட்சிகள் டிரைவில் எழுதுகின்றன. அடையாளம் அங்கே விழுந்து, எச்சரிக்கை மறுநாள் பாடசாலைக் கணினியில் எழும். பழி அந்தப் பாடசாலைக் கணினியின் மேல்தான் விழுகிறது.

நான்காவது காரணம் பலரின் கண்ணில் படுவதில்லை. மேசைக் கணினிப் பெட்டியின் முன்பக்கத்து யூ.எஸ்.பி. துளைகள் ஆண்டுக்கணக்கான பாவனையில் தளர்ந்துபோகின்றன. டிரைவின் முனையில் விரல் பட்டாலே தொடர்பு ஒரு கணம் அற்று மீண்டும் வருகிறது. ஈரப்பதமும் மூடுபனியும் நிறைந்த நுவரெலியா போன்ற இடங்களில், மலிவான செருகிகளின் பட்டைகள் மங்கிப்போவதும் இதற்குத் துணைபோகிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது தொடர்பு அப்படி அற்றால், யாரும் கழற்றாமலே அடையாளம் விழுந்துவிடும். கணினியின் பின்பக்கத்தில் மதர்போர்டோடு நேரடியாக இணைந்த துளைகள் பெரும்பாலும் உறுதியானவை. எச்சரிக்கை அடிக்கடி வந்தால் முதலில் அங்கே மாற்றிப் பார்க்க வேண்டும்.

பாதியில் நின்றது எதையெல்லாம் கெடுக்கும்

எழுதிக்கொண்டிருந்த கோப்பு மட்டுமே கெடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பென் டிரைவின் உள்ளமைப்பு அதற்கு உத்தரவாதம் தருவதில்லை. பென் டிரைவில் தரவைத் தாங்கும் நண்ட் வகை ஃப்ளாஷ் நினைவகத்தில், சில கிலோபைட் அளவுள்ள பக்கம் பக்கமாக எழுதலாம். ஆனால் அழிப்பதென்றால் நூற்றுக்கணக்கான பக்கங்கள் சேர்ந்த ஒரு பெரிய தொகுதியை ஒன்றாகத்தான் அழிக்க முடியும். ஏற்கெனவே எழுதிய பக்கத்தின் மேல் அழிக்காமல் மீண்டும் எழுதவும் முடியாது. ஆகவே, சிறிய கடிதம் ஒன்றைத் திருத்தினாலும், டிரைவுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சிப்பு புதிய இடத்தில் எழுதி, அதே தொகுதியில் உள்ள வேறு கோப்புகளின் பக்கங்களையும் சமயம் பார்த்து இடம் மாற்றி, எது எங்கே போனது என்ற தன் சொந்த வரைபடத்தையும் திருத்துகிறது. இந்த வேலைகள் கணினிக்குத் தெரியாமல் நடப்பவை. அந்த நேரத்தில் மின்சாரம் அற்றுப்போனால், நாம் தொடவே இல்லாத பழைய புகைப்படம் ஒன்று கெடலாம்; வரைபடமே சிதைந்தால் டிரைவ் முழுவதும் திறக்காமல் போகலாம். அப்படி நேர்வது அரிதுதான். ஆனால் ஒரு குடும்பத்தின் புகைப்படங்கள் ஒரே ஒரு டிரைவில் மட்டும் இருக்கும்போது, அரிது என்ற சொல்லில் ஆறுதல் தேட முடியாது.

எச்சரிக்கை வந்ததும் செய்ய வேண்டியது

முதலில் அறிவிப்பை அப்படியே விட்டுவிட்டு டிரைவைத் திறந்து, தேவையான கோப்புகளைக் கணினியின் வன்தட்டுக்குப் பிரதி எடுங்கள். ஸ்கேன் அதற்குப் பிறகுதான். இந்த வரிசையை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஸ்கேன் செய்யும்போது ஓடும் விண்டோஸின் செக்டிஸ்க் நிரல் நம் கோப்புகளை மீட்பதற்காக எழுதப்பட்டதன்று. அட்டவணையை முரண்பாடற்றதாக ஆக்குவதே அதன் நோக்கம். இரண்டு கோப்புகள் ஒரே கிளஸ்டரைத் தமது என்று உரிமை கோரினால், அல்லது ஒரு கோப்பின் துண்டுகளைக் கோக்கும் சங்கிலி நடுவில் அறுந்திருந்தால், ஒழுங்கை நிலைநாட்டுவதற்காக அது சிலவற்றை வெட்டிவிடும். வெட்டிய பின் திரும்பப் பெறுவது கடினம். பிரதி எடுக்கும்போது ஏதேனும் கோப்பு திறக்க மறுத்தால் அதை விட்டுவிட்டு மற்றவற்றை எடுங்கள். எது மறுத்தது என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிரதி எடுத்த பின், அறிவிப்பை அழுத்தியோ, அது மறைந்துவிட்டால் டிரைவின் மேல் வலது கிளிக் செய்து புரொப்பட்டீஸ், டூல்ஸ், செக் என்ற வரிசையில் சென்றோ ஸ்கேன் செய்யலாம். பெரும்பாலும் சில நிமிடங்களில், பிழை எதுவும் காணப்படவில்லை என்ற பதிலே வரும். எச்சரிக்கை வந்தது, ஆனால் பிழை இல்லை. இதில் முரண்பாடு எதுவும் கிடையாது. பக்கம் கூட்டிப் பார்க்கப்பட்டது, கணக்குச் சரியாக இருந்தது, அடையாளம் நீங்கியது. அவ்வளவுதான்.

பிழை இருந்து திருத்தப்பட்டிருந்தால், டிரைவில் ‘ஃபவுண்ட்.000’ என்ற மறைவான கோப்புறை ஒன்று தோன்றலாம். உள்ளே ‘ஃபைல்0000’ எனத் தொடங்கி, சிஎச்கே என்ற பின்னொட்டோடு கோப்புகள் இருக்கும். தரவு இருந்தும் எந்தக் கோப்புறையிலும் பெயர் இல்லாமல் அநாதையாகக் கிடந்த சங்கிலிகளுக்கு செக்டிஸ்க் இட்ட தற்காலிகப் பெயர்கள் அவை. உங்கள் கோப்புகள் எல்லாம் சரியாக இருந்தால் அந்தக் கோப்புறையை நீக்கிவிடலாம். முக்கியமான ஒன்று காணாமல் போயிருந்தால் அவசரப்பட்டு நீக்காதீர்கள். அதில் ஒன்றின் பின்னொட்டை ஜேபிஜி என்றோ டொக்எக்ஸ் என்றோ மாற்றினால், தேடிய படமோ ஆவணமோ திறந்துகொள்வதுண்டு.

எச்சரிக்கை வரவே கூடாது என்பதற்காக, விண்டோஸில் ஷெல் ஹார்ட்வெயர் டிடெக்ஷன் என்ற சேவையை நிறுத்திவிடும்படி சிலர் அறிவுரை கூறுகிறார்கள். அதைப் பின்பற்ற வேண்டாம். அதனால் அறிவிப்பு மறையும். அடையாளமும், அதன் பின்னால் இருக்கக்கூடிய சிதைவும் இருந்த இடத்திலேயே இருக்கும். பலருடைய டிரைவ்கள் வந்துபோகும் கடைக் கணினியில் இப்படிச் செய்வது, அவர்கள் எல்லோரிடமிருந்தும் எச்சரிக்கையை மறைப்பதாகும்.

‘இந்த டிஸ்க்கைப் பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும்’ என்ற செய்தி முற்றிலும் வேறானது. டிரைவின் தொடக்கப் பகுதியையே கணினியால் வாசிக்க முடியாதபோது அது எழுகிறது. உள்ளே வேண்டிய கோப்புகள் இருந்தால் ஃபார்மட்டுக்கு இணங்காதீர்கள். வேறொரு துளையிலும் வேறொரு கணினியிலும் செருகிப் பாருங்கள். அங்கும் அதே செய்தி வந்தால், ஃபோட்டோரெக், ரெக்குவா போன்ற இலவச மீட்பு மென்பொருள்களால் கிளஸ்டர்களில் எஞ்சியுள்ள தரவைத் தேடி எடுக்க முடியும். ஃபோட்டோரெக்கால் பழைய பெயர்களைத் திருப்பித் தர முடியாது, உள்ளடக்கத்தைத் தர முடியும். மீட்டவற்றை அதே டிரைவில் எழுதாமல், வேறிடத்தில் சேமிக்க வேண்டும்.

இனி, கழற்றும் முறை. இஜெக்ட் என்று அழுத்தும்போது, நினைவகத்தில் காத்திருக்கும் தரவை உடனே எழுதும்படியும், திறந்துள்ள கோப்புகள் உண்டா என்று பார்க்கும்படியும், அடையாளத்தை மாற்றும்படியும் நாம் கணினிக்கு ஆணையிடுகிறோம். விண்டோஸ் 10இன் 2018 ஒக்டோபர் மாதப் பதிப்பிலிருந்து, வெளிச்சாதனங்களுக்கு விரைவாகக் கழற்றும் முறையே இயல்பாக வைக்கப்பட்டிருக்கிறது. அதில் தரவு நீண்ட நேரம் காத்திருப்பதில்லை. இதைக் கேள்விப்பட்டு, இனி இஜெக்ட் தேவையில்லை என்று முடிவுகட்டியவர்கள் இருக்கிறார்கள். எழுதும் வேலை நடந்துகொண்டிருக்கும் கணத்தில் பிடுங்கினால் அந்த அமைப்பாலும் காப்பாற்ற முடியாது. பின்னணியில் ஒரு மென்பொருள் எழுதிக்கொண்டிருப்பதை நம் கண் காண்பதும் இல்லை. லினக்ஸ் நிறுவிய கணினிகளில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். அங்கே பிரதி எடுக்கும் பட்டை நூறு வீதத்தைத் தொட்ட பிறகும், தரவின் ஒரு பகுதி நினைவகத்திலேயே இருக்கக்கூடும். இஜெக்ட் அழுத்திய பிறகு அது எழுதி முடியும் வரை காத்திருக்க வேண்டும். ஒரு மென்பொருள் இன்னும் பயன்படுத்துகிறது என்று விண்டோஸ் கழற்ற மறுத்தால், டிரைவிலிருந்து திறந்த ஆவணங்களையும் கோப்புறைகளையும் மூடிவிட்டு மீண்டும் முயலுங்கள். அப்போதும் மறுத்தால் கணினியை முழுதாக அணைத்துவிட்டுக் கழற்றுங்கள்.

கடைக்காரர்களுக்கும் பாடசாலைக் கணினிக் கூடங்களுக்குப் பொறுப்பானவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாடிக்கையாளரின் அல்லது மாணவரின் கோப்பை டிரைவிலிருந்தே திறக்காமல், முதலில் டெஸ்க்டொப்பில் பிரதி எடுத்து, டிரைவை இஜெக்ட் செய்து உரியவர் கையில் கொடுத்துவிட்டு, அதன் பின் அச்சிடுங்கள்; அச்சு முடிந்ததும் அந்தப் பிரதியை நீக்கிவிடுங்கள். பஸ்ஸுக்கு ஓடுபவரின் அவசரம் அந்த டிரைவைத் தீண்டாமல் போகும். ஒரு டிரைவில் புகுந்த வைரஸ் அடுத்தவரின் ஆவணங்களைத் தொடும் வாய்ப்பும் குறையும்.

டிரைவே சாகத் தொடங்கிவிட்டது என்பதை எப்படி அறிவது என்ற கேள்வி எஞ்சுகிறது. ஸ்கேன் செய்து, ஒழுங்காகக் கழற்றி, வேறு துளையில் செருகியும் எச்சரிக்கை மீண்டும் வந்தால் ஐயப்பட வேண்டும். பிரதி எடுக்கும் வேகம் திடீரென ஏறக்குறைய நின்றுவிடுவது, நேற்றுத் திறந்த படம் இன்று பாதி சாம்பல் நிறமாகத் தெரிவது, எழுத முடியாது, எழுத்துப் பாதுகாப்பு இடப்பட்டுள்ளது என்ற செய்தி வருவது ஆகியவையும் கவனிக்க வேண்டிய அறிகுறிகள். ஃப்ளாஷ் நினைவகத்தின் ஒவ்வொரு பகுதியையும் குறிப்பிட்ட அளவு தடவைகள் மட்டுமே அழித்து எழுத முடியும். அந்த எல்லையை நெருங்கிய சில டிரைவ்களின் கட்டுப்பாட்டுச் சிப்பு, இருப்பதையாவது வாசிக்கட்டும் என்று எழுதுவதைத் தானே தடுத்துவிடும். அந்த நிலைக்கு வந்த டிரைவில் உள்ளதைப் பிரதி எடுத்துவிட்டு, அதை ஒதுக்கிவிட வேண்டியதுதான்.

புதிதாக வாங்கியதே தொல்லை கொடுத்தால், அது போலிக் கொள்ளளவு உடையதா என்று சோதிக்க வேண்டும். நடைபாதைக் கடைகளிலும் இணையவழி விற்பனையிலும் நம்ப முடியாத மலிவு விலையில் கிடைக்கும் 1 டிபி, 2 டிபி டிரைவ்கள் சிலவற்றில் உண்மையில் இருப்பது மிகச் சிறிய நினைவகம். பெரிய கொள்ளளவைப் பொய்யாகச் சொல்லும்படி கட்டுப்பாட்டுச் சிப்பை மாற்றியிருப்பார்கள். உண்மையான இடம் நிரம்பும் வரை எல்லாம் சரியாக நடக்கும். அதன் பின் எழுதுபவை மறைந்துபோகும், அல்லது முன்பு எழுதியவற்றின் மேலேயே ஏறும். கோப்புகளின் பெயர்கள் மட்டும் குறையின்றித் தெரியும். செக்டிஸ்க் பார்ப்பது அட்டவணையைத்தான் என்பதால், இந்த மோசடி அதற்கு அகப்படாது. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 ஆகிய இலவச நிரல்கள் டிரைவ் முழுவதையும் எழுதி, மீண்டும் வாசித்து, இரண்டும் ஒன்றா என்று ஒப்பிட்டுக் காட்டும். பெரிய டிரைவுக்கு இச்சோதனை பல மணித்தியாலங்கள் எடுக்கும். ஆகவே வாங்கிய அன்றே, டிரைவ் வெறுமையாக இருக்கும்போதே, மடிக்கணினியை மின்சாரத்தில் இணைத்து, அது இடையில் உறங்கிவிடாதபடி அமைத்து, இரவில் ஓடவிடுங்கள். சோதனையில் தேறாததைப் பற்றுச்சீட்டோடு கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.